செவிலியின் கடமை

சங்கச் சான்றோர் பாடிய அகப்பாட்டுக்களில் நற்றாய் ஒருத்தியும் செவிலித்தாய் ஒருத்தியும் வருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் வாழ்வு முழுவதும் ஒரு பிரிவை நோக்கி நடப்பது. தன் மடியிலிட்டு வளர்த்த மகள் ஒருநாள் பிறிதோர் இல்லத்திற்கு உரியவளாவாள் என்பதை அவள் முன்னரே அறிவாள்; அறிந்தும் அன்பிற் குறைவு செய்யாள். வகுப்பில் இப்பாட்டுக்களைப் பயின்ற காலத்து அவளை யான் ஓர் இலக்கிய மரபாக மட்டுமே கருதியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாய் அவளை எனக்கு உயிருள்ள ஒருத்தியாகக் காட்டிற்று. நாயை முன்னிட்டுச் செவிலியைப் பேசுவது தகுமோ என ஐயுறும் அன்பர்கள் சிறிது பொறுத்துக் கேட்பார்களாக.

எம் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் மலையை வலம் வரும் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில், நகரத்திற்கு மறுபுறத்தே, மலைச்சாரலை அடுத்துள்ளது எம் சிற்றூர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் ஈண்டு உள்ளன. திருவெம்பாவை பிறந்த இடம் இதுவே என்பது வழிவழி வரும் செய்தி. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் இவ்வழியே நடந்து செல்வர். அன்றிரவு பாதையோரத்து நாய்களுக்கு விருந்து. மறுநாள் முதல் பட்டினி. இங்கே எப்படியேனும் உணவு கிடைக்கும் என்றெண்ணியோ, கண்ணுக்கு மறைந்தாற் போதும் என்றெண்ணியோ, வேண்டாத குட்டிகளையும் மூப்படைந்த நாய்களையும் கொணர்ந்து விட்டுச் செல்வோரை யாம் கண்டதுண்டு.

சித்திரைப் பௌர்ணமி கழிந்த வைகறையில் எந்தையாரும் யானும் பால் வாங்கச் சென்றோம். மூடிக் கிடந்த கடையொன்றின் படியருகே செம்பழுப்பு நிறமுடைய பெண் நாய் ஒன்று கிடந்தது. பின்னங்காலில் ஆழ்ந்த புண். கழுத்தில் அறுந்த கயிற்றின் ஒரு துண்டு. ஒருகாலத்தில் அது ஒருவர்க்கு உரியதாயிருந்தது என்பதை அக்கயிறே உரைத்தது. எந்தையார் குனிந்தபோது அது கடிக்குமென்று அஞ்சி நின்றேன். அதுவோ, எழ இயலாமையாற் கிடந்தவாறே, வாலைத் தரையில் இருமுறை தட்டிற்று; பின்னர்த் தன் தலையை மெல்ல உயர்த்தி அவர் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டது. தனக்குத் தீங்கு செய்தவனையும் வெறாத நாயின் நட்பை, யானையின் நட்பினும் மேலாக வைத்து நாலடியார் பேசும். மனிதரால் எறியப்பட்ட ஓர் உயிர் மனிதர் மடியையே நாடிய அவ்விந்தையை அன்று நேரிற் கண்டேன்.

கால்நடை வைத்தியர் புண்ணைக் கழுவித் தைத்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டு, மூன்று வாரம் ஓடவிடாமற் காக்கவேண்டும் என்றார். என் அன்னையார் ஒரு நிபந்தனையின்மேல் அதனை வீட்டிற்குள் விட்டார். யான் விடுதிக்குத் திரும்ப வேண்டியவன். எந்தையார் காலையிற் சென்றால் மாலையில் வருபவர். படுக்கையிலுள்ள பாட்டியாரைப் பேணும் பொறுப்பு அன்னையாருடையது. ஆதலின், “கால் ஆறும் வரையில் நம் வீடு, ஆறியபின் தகுந்த இடம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்” என்பதே நிபந்தனை. செந்நிறம் பற்றிச் ‘செம்பி’ என்று பெயரிட்டோம்.

இனி அவளை ‘அவள்’ என்றே எழுதுவேன். அஃறிணையை உயர்திணையாற் கூறுவது குற்றமன்றோ எனின், உவப்பு மிகுதியால் அவ்வாறு கூறுதலை நம் இலக்கண நூலார் வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டனர். ஓர் ஆவினைத் தாயென்று சொல்லுதலை உரையாசிரியர் எடுத்துக்காட்டாகவும் தந்தனர். எம் மலையில் வாழ்ந்த இரமண மகரிஷியும் (1879–1950) தம்மிடம் வந்த நாய்களை ‘அது’ என்னாது ‘அவன்’, ‘அவள்’ என்றே சுட்டுவார் என்று அவர் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். கமலா என்னும் நாய் புதிதாக வந்தோரை மலையைச் சுற்றி அழைத்துச் சென்று காட்டியதையும் அவ்வரலாறுகளிற் காணலாம். அவருடைய ஆசிரமத்தில் இலக்குமி என்னும் பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஒரு நாய்க்கும் எழுப்பிய சமாதிகள் இன்றும் உள்ளன. சமயத்தால் வேறுபட்ட யானும் அவற்றின்முன் நின்று சிந்தித்ததுண்டு. நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் பேணுவான் என்று நம் திருமறையின் நீதிமொழிகள் கூறுவதும் இதுவே அன்றோ?

நிற்க. யான் ஈண்டுக் கூற வந்தது இரக்கத்தின் சிறப்பையன்று. இரக்கம் நம்மிற் பலர்க்கும் உண்டு. புண்பட்ட விலங்கைத் தூக்கி எடுக்கும் கைகளும் அரியவல்ல. எடுத்த கைகள் அதனை எவ்விடத்திற் சேர்ப்பிக்கின்றன என்பதிலேதான் நம் இரக்கம் பெரும்பாலும் பிழை செய்கின்றது. அப்பிழையை எம் குடும்பமும் செய்தது. ஆதலின் பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதியால் அன்றி, பிழைத்தோன் ஒருவனின் ஒப்புதலாகவே இதனை எழுதுகின்றேன்.

அன்பு மிகுந்த நாய்க்கு வீடு தேடுதல் எளிது என்று எண்ணியிருந்தோம். உண்மை இதற்கு மறுதலை. சீறும் நாயை எவரும் ஆராயாமற் கேளார். யாவர் முழங்காலிலும் தலைசாய்க்கும் நாயையோ, கண்டவர் எல்லாரும் கண்ட அப்பொழுதே கேட்பர். தம்மையே அது தேர்ந்தெடுத்ததாக ஒவ்வொருவரும் நம்புவர். அவள் எல்லாரையும் அவ்வாறே நேசிக்கின்றாள் என்பதை அவர் அறியார். தனக்குரிய இல்லத்தைத் தெரிந்தெடுக்க இயலாத அத்துணைப் பேரன்பு அவளுடையது. ஆதலின் தெரிவு செய்யும் பொறுப்பு முழுவதும் செவிலியின் தலைமேல் வீழ்கின்றது.

முதலில் வந்தவர் வீடு கட்டுகின்ற ஒரு கனவான். கம்பியும் சிமெண்டும் களவு போகின்றன. இரவிற் கட்டிப்போட ஒரு நாய் வேண்டும் என்றார். உணவுக்குக் குறை வையேன் என்றும் உறுதி கூறினார். அவர் தீயவரல்லர். ஆயினும், ஆளில்லாத மனையிற் சங்கிலியோடு இராமுழுதும் தனித்திருப்பது செம்பியைப் போன்ற ஓர் உயிர்க்குப் பசியினும் கொடிது. மேலும், திருடனைக் கண்டாலும் அவள் வாலையே ஆட்டுவாள். இதனை எடுத்துச் சொல்லவே அவரும் நகைத்து ஒப்புக்கொண்டார்.

இரண்டாவதாக நகரத்திலிருந்து ஓர் இளங்குடும்பத்தினர் வந்தனர். இரு சிறுவர், இருவர் கையையும் செம்பி நக்கினாள், அவர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அக்காட்சியில் எம் உள்ளம் உருகிற்று. உருகிய உள்ளம் வினவ மறந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர் என்பதையும், குடியிருப்பது வாடகை மாடி என்பதையும், வீட்டுக்காரரிடம் இசைவு பெறவில்லை என்பதையும் யாம் கேட்டறிந்தோமில்லை. அன்று மாலையே கொடுத்தனுப்பினோம். மறுநாள் முதலே பகலெல்லாம் தனித்து அடைபட்டு அவள் ஓலமிட்டிருக்கின்றாள்; கதவைப் பிறாண்டியிருக்கின்றாள். அயலார் முறையிட்டனர், வீட்டுக்காரர் தடுத்தார். ஒன்பதாம் நாள் தொலைபேசியில் அழைப்பு வந்தது. எந்தையார் சென்று அழைத்து வந்தார். அச்சிறுவர் அழுதுகொண்டு நின்றனராம்.

நாய் வளர்ப்போர் ஒரு கணக்குக் கூறுவர்: புதிய வீட்டில் முதல் மூன்று நாள் அச்சம் நீங்க, மூன்று வாரம் வழக்கம் படிய, மூன்று மாதம் உறவு வேரூன்ற என்பது அது. வேரூன்றத் தொடங்கிய நாற்றை ஒன்பதாம் நாளிற் பிடுங்கினோம். திரும்பி வந்த செம்பி நான்கு நாள் எவர் மடியிலும் தலை வைக்கவில்லை. வாயிலை நோக்கிப் படுத்திருந்தாள். தெருவில் எறிந்தவன் செய்யாத ஒன்றை, அவள் நம்பிக்கையைத் தளர்த்தலை, நன்மை செய்ய எண்ணிய யாம் செய்துவிட்டோம். அக்குடும்பத்தாரைக் குறை கூறேன். வினவ வேண்டியவர் யாமே. கொடுப்பவரின் அவசரமே கைவிடுதலின் முதற்படி என்பதை அந்நான்கு நாளிற் கற்றேன்.

மூன்றாவதாகக் கேட்டவர் வலப்பாதையிற் பூத்தொடுத்து விற்கும் ஒரு மூதாட்டியார். எம் தெருவினர் அவரை ஆயா என்று அழைப்பர். செல்வம் உடையவரல்லர், வீடும் சிறிது. ஆனால் முன்னிருவரும் கேளாத ஒன்றை அவர் கேட்டார்: “இதற்கு எதைக் கண்டால் பயம், கண்ணு?” கோலைக் கண்டால் ஒடுங்குவாள், வண்டியின் ஊதலைக் கேட்டால் நடுங்குவாள் என்றேன். “நான் கோலூன்றி நடக்கிறவளாயிற்றே” என்று சிறிது நினைந்து, கோலை வாசற்புறத்தே சார்த்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மறுநாளும் வந்தார், கோலைத் தம் பக்கத்திற் கிடத்திக்கொண்டு அமர்ந்தார். மூன்றாம் நாள் செம்பி தானே சென்று கோலை முகர்ந்துவிட்டு, அதன் அருகிலேயே படுத்துக்கொண்டாள். ஆயா பகலெல்லாம் பூக்கூடையுடன் ஓரிடத்தே இருப்பவர். தனிமை என்பது இருவர்க்கும் இல்லையாயிற்று. அவருக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்று என் அன்னையார் கூசாது வினவினார். அடுத்த வீட்டிலிருக்கும் மகளார் தாமே வந்து அப்பொறுப்பை ஏற்பதாகச் சொன்னபின்னரே யாம் இசைந்தோம். கருத்தடைச் சிகிச்சை முடித்து, ஊசியிட்ட சீட்டையும் ஒப்படைத்தோம்.

இவ்வனுபவத்தால் யான் தெளிந்தது இது. தகுந்த இல்லம் என்பது பெரிய இல்லமன்று. முதற்பார்வையில் மகிழும் இல்லமுமன்று. அவ்வுயிரின் இயல்பையும் அச்சத்தையும் கேட்டறிந்து, அதற்கேற்பத் தன் கோலைச் சிறிது புறத்தே வைக்க இசையும் இல்லமே தகுந்தது. கொடுக்குமுன் வினவ வேண்டுவன சிலவே. பகலில் வீட்டில் இருப்பவர் யார்? வீட்டிலுள்ளார் யாவரும், வாடகை வீடாயின் உரியவரும், இசைந்தனரா? ஊருக்குச் செல்லும்போதும் நோயுற்றபோதும் காப்பவர் யார்? ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவரா? இயலாதுபோனால் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பித் தருவரா? இவ்வினாக்கள் கேட்பவரை அவமதிப்பனவல்ல. மகட்கொடைக்குமுன் ஆயிரம் விசாரிக்கின்ற நம் நாட்டார், வாயில்லா உயிரைக் கொடுக்கும்போது ஐந்து வினா வினவுவதில் நாணம் என்னை?

ஈண்டு இருதிறத்தார் தடை கூறுவர். “அத்துணை அன்பிருப்பின் நீரே வைத்துக்கொள்ளலாகாதோ?” என்பது ஒன்று. இக்கேள்வி என்னை மிக வருத்திற்று. இறுதி வாரத்தில் அவளை மறைத்து வைத்துக்கொண்டு, வீடு கிட்டவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். சாலோமோன் அரசன் முன் நின்ற இரு பெண்டிரை நினைந்தே என் உள்ளத்தைத் திருத்திக்கொண்டேன். பிள்ளை தன்னிடம் இராவிடினும் உயிரோடு இருத்தல் வேண்டும் என்று கைவிடத் துணிந்தவளே மெய்யான தாய் என்று அரசன் தீர்த்தான். யான் வைத்துக்கொள்ள விரும்பியது செம்பியின் நலத்திற்கன்று, என் மகிழ்ச்சிக்கே. யான் விடுதிக்குச் சென்றபின் அவள் ஒரு மூலையிற் கட்டப்பட்டிருப்பாள். அன்றியும், ஒரு நாயை நிலையாக வைத்துக்கொண்ட சிறு வீட்டிற் பாதையோரத்து அடுத்த நாய்க்கு இடமில்லை. செவிலியின் மடி காலியானாலன்றி இன்னொரு மகவை ஏந்த இயலாது.

“மனிதர்க்கே வீடில்லாத நாட்டில் நாய்க்கு வீடு தேடுவதோ? அவை குழந்தைகளைக் கடிக்கின்றனவே!” என்பது மற்றொன்று. இத்தடையை யான் இகழேன். வெறிநோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 மக்கள் இறக்கின்றனர் என்று கணக்கிட்டுள்ளனர்; அவருள் மூன்றிலொரு பங்கினர் இந்தியர்; பலர் சிறுவர். நோய் முற்றியபின் மருந்தில்லை. இத்துன்பத்தை அறிந்தே சொல்கின்றேன்: ஊசியிட்டு, கருத்தடை செய்து, பொறுப்புள்ள ஓர் இல்லத்திற் சேர்த்த நாய் ஒவ்வொன்றாலும் தெருவில் அச்சத்திற்கு ஒரு காரணம் குறைகின்றது. நாயின்மேல் வைத்த இரக்கமும் குழந்தையின்மேல் வைத்த இரக்கமும் ஈண்டு ஒன்றையொன்று பகைப்பனவல்ல. சென்னையில் 1959-இற் கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கத்தார், கொல்லுதலை விடுத்துக் கருத்தடையாலும் தடுப்பூசியாலும் நாய்த்தொகையைக் குறைக்கலாம் என்று பன்னெடுங்காலம் எடுத்துரைத்ததன் பயனாக, 1996-இற் சென்னை மாநகராட்சி அம்முறையை மேற்கொண்டது. எம் திருவண்ணாமலையிலும் 2007 முதல் விலங்குகளுக்கென ஒரு சரணாலயம் தொண்டாற்றி வருகின்றது. ஆயினும் சரணாலயம் என்பது காயமும் நோயும் உற்றவற்றுக்கு வேண்டிய இடம். புண் ஆறிய நாய் அங்கே ஓரிடத்தை அடைத்துக்கொண்டிருப்பின், வாயிலில் வந்து நிற்கும் அடிபட்ட நாய்க்கு இடம் எங்கே? ஆதலின் தெருவுக்கும் நிலையான வீட்டுக்கும் இடையே செவிலி வீடுகள் பல வேண்டும்.

சட்டமும் இப்பொறுப்பையே சுட்டுகின்றது. ஒரு விலங்கு பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு, தக்க காரணமின்றி அதனைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாம். 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி இட்ட ஆணையில், விரும்புவோர் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து அவற்றைத் தத்தெடுக்கலாம் என்றும், எடுத்த நாய் மீண்டும் தெருவிற்கு வாராமற் காப்பது எடுத்தவர் பொறுப்பே என்றும் கூறிற்று. எடுத்தவர் தவறினால் அத்தவற்றில், ஆராயாமற் கொடுத்தவர்க்கும் பங்குண்டு என்பேன்.

இனி, இம்மலரைப் படிக்கும் நம் கல்லூரி மாணாக்கர்க்கு ஒரு சொல். அதே நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ஆம் நாள் இட்ட மற்றோர் ஆணை, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் முதலிய இடங்களின் எல்லைக்குள் திரியும் நாய்களை அகற்றிக் காப்பகங்களிற் சேர்க்க வேண்டும் என்றும், அவற்றைப் பிடித்த இடத்திலேயே மீண்டும் விடலாகாது என்றும் பணித்தது. அதன் நன்மை தீமைகளை வாதிடுவோர் வாதிடுக. பாடநாட்களில் விடுதிச் சோற்றை இட்டுப் பழக்கி, பெயரும் வைத்து, விடுமுறை வந்ததும் திரும்பிப் பாராமல் இரயிலேறுகின்ற நம் வழக்கத்தை மட்டும் யான் வினவுகின்றேன். அஃது அன்பாகுமோ? பௌர்ணமிக் கூட்டம் எம் பாதையில் ஒருநாட் செய்வதை நாம் ஓராண்டு செய்கின்றோம், வேறுபாடு அவ்வளவே. விடுதிக்குப் பின்புறத்துள்ள நாய்களுள் சாதுவானவற்றுக்கு ஊசியிடுவித்து, உள்ளூரில் வீடுடைய மாணாக்கர் சிலர் ஒவ்வொன்றைத் தற்காலிகமாக ஏற்று, ஆசிரியர், ஊழியர், பழைய மாணவர் இல்லங்களுள் தகுந்தவற்றைப் பொறுமையோடு ஆராய்ந்து சேர்ப்பின், கூண்டில் முடிய இருக்கும் பல வாழ்வுகள் திண்ணையில் தொடரும். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை; வினவும் துணிவும் பிரியும் உரமுமே வேண்டும்.

செம்பியை ஆயாவின் வீட்டில் விட்டு வந்த மாலையைப் பற்றிக் கூறி முடிப்பேன். எந்தையாரும் யானும் வாயிலைக் கடந்து நடந்தோம். அவள் பின்தொடர்ந்து ஓடி வருவாள் என்று நினைத்தேன்; திரும்பி நோக்கினேன். அவள் பூக்கூடைக்குப் பக்கத்திற் கோலின்மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தாள். தலையை உயர்த்தி எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டாள். அது எனக்கு வருத்தத்தைத் தந்தது என்பதை மறைக்கமாட்டேன். வீடு சேரும்வரை எந்தையாரும் ஒன்றும் பேசவில்லை. ஆயினும், பின்தொடராமல் அவள் அங்கே நிம்மதியாகப் படுத்திருந்ததே யாம் ஏழு வாரம் வேண்டியது. செவிலிக்கு அதனினும் சிறந்த கூலி இல்லை.

மாணாக்க அன்பர்கள் இதனை ஆராய்ந்து ஆவன செய்வார்களாக.